எந்தக் கொன்றை என்று கேட்டு வாங்குங்கள்

நாட்டு மரம் நட வேண்டும் என்ற ஆர்வம் இப்போது பள்ளிகள், கோயில்கள், குடியிருப்புகள் என்று எங்கும் பரவியிருக்கிறது. தாவர வகைப்பாட்டைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ஆனால் என் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களைப் பார்த்தால் கவலையும் வருகிறது. மஞ்சள் பூ ஒன்றை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து, "சார், இது கொன்றைதானே? கன்றெல்லாம் வாங்கியாச்சு" என்று அனுப்புகிறார்கள். படத்தில் இலை இருக்காது, காய் இருக்காது. மேலும் இரண்டு படம் கேட்டு வாங்கிப் பார்த்தால், பல நேரம் அது வேறு மரமாக இருக்கும்.

சிவன் கோயில் நந்தவனத்துக்கு என்று கேட்டு வாங்கும் கன்றுகளிலும் இதே கதைதான். கொன்றை என்ற பெயரில் குறைந்தது நான்கு மரங்கள் நம் ஊர் நர்சரிகளில் கைமாறுகின்றன. அவற்றில் ஒன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அயல் மரம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் சரக்கொன்றை. இதன் அறிவியல் பெயர் காசியா ஃபிஸ்டுலா. சித்திரை, வைகாசியில் இலையெல்லாம் உதிர்ந்து, பூச்சரங்கள் ஒரு முழத்துக்குக் கீழே தொங்கும். தொங்குவது முக்கியம். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்ததுதான் கூட்டிலை; இதன் கூட்டிலையில் நான்கு முதல் எட்டு ஜோடி சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக இருக்கும். காய் உருண்டு, இரண்டடி வரை நீண்டு, கருத்து, மாதக்கணக்கில் மரத்திலேயே தொங்கும். உடைத்தால் அறை அறையாகத் தடுப்புகளும், கறுப்பாக ஒட்டும் சதையும், ஒவ்வொரு அறையிலும் ஒரு விதையும் தெரியும்.

ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. அந்தப் பத்தும் ஒரே அளவில் இருக்காது. மூன்று மட்டும் நீண்டு, கீழ்ப்பக்கமாக இறங்கி, பிறகு மேல்நோக்கி வளைந்திருக்கும். நான்கு நடுத்தரம். மீதி மூன்று மிகச் சிறியவை. கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உறுமும்போது, நடுத்தரத் தாள்களின் மகரந்தம் அதற்குத் தீனியாகிறது. நீண்டு வளைந்த தாள்களின் மகரந்தம் வண்டின் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. இந்த வளைந்த மூன்று தாள்கள்தான் காசியா என்ற பேரினத்தின் அடையாளம். லென்ஸ் கூடத் தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்த அயல் மரம். பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவந்து நட்டார்கள். வயநாடு, பந்திப்பூர், முதுமலை, சத்தியமங்கலம் என்று காடு காடாகப் பரவிவிட்டது. இதன் நிழலில் புல் வளர்வதில்லை, புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிறது, அதனால் வேரோடு பிடுங்கவோ பட்டையை உரிக்கவோ வேண்டியிருக்கிறது. நீலகிரிப் பகுதியில் வெட்டி எடுத்த மரங்களைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழுக்காக அனுப்பினார்கள். கேரளத்தில் இதற்கு மஞ்ஞக்கொன்ன என்று பெயர், நம் பத்திரிகைகளில் மஞ்சள் கொன்றை. கொன்றை என்ற பெயர் ஒட்டிக்கொண்டதுமே நம் மரம் போன்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

அடையாளம் காண்பது கடினமில்லை. இதன் பூங்கொத்து தொங்காது, கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். சிற்றிலைகள் பத்து ஜோடிக்கு மேல், ஒடுங்கி நுனி கூராக இருக்கும். பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி, இலை அடர்ந்திருக்கும்போதே பூக்கும். காயும் உருண்டுதான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீளம் சரக்கொன்றைக் காயில் ஏறக்குறைய பாதிதான்.

மஞ்சள் கொன்றை என்று சாலையோரத்தில் நிற்கும் இன்னொன்று சென்னா சயாமியா. அதன் காய் தட்டை, சிற்றிலை நுனி மழுங்கல். பெருங்கொன்றை, இயல்வாகை என்றெல்லாம் சொல்லப்படும் பெல்டோஃபோரம் இன்னும் தூரத்து உறவு. இலை மறுபடி மறுபடி பிரிந்து புளியிலை போலப் பொடியாக இருக்கும், காய் செம்பு நிறத் தகடு. இந்த இரண்டையும் இலையைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம்.

முதுமலைச் செய்திகள் வர ஆரம்பித்த பிறகு வேறொரு குழப்பம். "சென்னா காட்டை அழிக்கிறது" என்று தலைப்பு வருகிறது. உடனே என்னிடம் வரும் கேள்வி: "ஆவாரையும் சென்னாதானே, அதையும் வெட்டிவிடலாமா?" வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஆவாரை, சென்னா ஆரிகுலேட்டா, நம் வறண்ட நிலத்தின் சொந்தப் புதர். சென்னா என்பது பேரினத்தின் பெயர், அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. முதல் சொல் குடும்பப் பட்டம் மாதிரி, அதை வைத்து ஆளைப் பிடிக்கக் கூடாது. இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் அது ஒரு செடியின் பெயர்.

ஆவாரையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1753-இல், செடிகளுக்கு இரட்டைச் சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அதைக் காசியா ஆரிகுலேட்டா என்று வைத்தார். அவருக்குக் காசியா ஒரு பெரிய மூட்டை, ஆவாரை, சரக்கொன்றை எல்லாமே அதற்குள். இந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோ இதைச் சென்னாவில் வைத்தார், அவருடைய நூல் 1832-இல் வெளிவந்தது. ஆனாலும் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் புத்தகங்களில் காசியாதான் நிலைத்தது. சென்னை மாகாணத் தாவரங்களுக்குக் கேம்பிள் எழுதிய நூலிலும் அப்படித்தான். 1982-இல் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் இர்வின், பார்னெபி இருவரும் அந்த மூட்டையை அவிழ்த்துக் காசியா, சென்னா, கேமிகிறிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். நான் மேலே சொன்ன வளைந்த மகரந்தத்தாள் அவர்கள் பயன்படுத்திய முக்கியமான அடையாளங்களில் ஒன்று. வளைந்த நீளத் தாள் இருந்தால் காசியா, தாள்கள் நேராகக் குட்டையாக இருந்தால் சென்னா. பின்னால் வந்த மரபணு ஆய்வுகளிலும் இந்தப் பிரிவு நின்றது. ஆக, பெயர் மாறியது யாருடைய விருப்பத்துக்காகவும் அல்ல, உறவுமுறை தெளிவானதற்காக.

2017-இல், இவையெல்லாம் அடங்கிய பயறுக் குடும்பத்தையே ஆறு துணைக்குடும்பங்களாக மறுபடி அடுக்கினார்கள். பழைய பாடப்புத்தகத்தில் கொன்றையோடு ஒரே துணைக்குடும்பத்தில் இருந்த புளி வேறு வீட்டுக்குப் போய்விட்டது, தனியாக இருந்த வேலமரம் கொன்றையோடு சேர்ந்துவிட்டது. மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இதில் சலிப்பே வந்ததில்லை.

ஆனால் பெயர் மாற்றம் தெரியாமல் பட்டியல் போட்டால் நடைமுறையில் சிக்கல்தான். நடவுத் திட்டம் ஒன்றுக்கான பட்டியலைச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். அதில் அகேசியா நிலோட்டிகா ஒரு வரிசையில், வேசெல்லியா நிலோட்டிகா இன்னொரு வரிசையில், இரண்டும் தனித்தனி நாட்டு மரங்களாக எண்ணப்பட்டிருந்தன. இரண்டுமே நம் கருவேலமரம். இதே கணக்கில் ஆவாரையும் இரண்டு முறை. பல்லுயிர் என்று காட்டிய எண்ணிக்கை பாதிக்குப் பாதி பழைய பெயரும் புதுப் பெயரும்தான்.

தமிழ்ப் பெயரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். மலபார்ச் செடிகளைப் பற்றி 1678-இல் அச்சான ஹோர்டஸ் மலபாரிக்கஸ் நூலின் முதல் தொகுதியில் சரக்கொன்றை "கொன்னா" என்ற பெயரில்தான் படத்தோடு இருக்கிறது. உள்ளூர் வைத்தியர்கள் சொன்ன பெயர் அது. லின்னேயஸ் அந்த நூலைப் பார்த்துத்தான் நம் செடிகள் பலவற்றை அறிந்தார். செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைக்கும் உலர்தாவரத் தாள் ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் சொன்ன பெயரை அவர் உச்சரித்தபடியே எழுதுகிறேன், எந்த ஊர் என்பதையும் சேர்த்து. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கலாம். அசோக மரம் என்று கேட்டால் வரிசையாக நெட்டிலிங்கத்தை நட்டுவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்காத நகரம் உண்டா? உண்மையான அசோகம் சராகா அசோகா, செம்மஞ்சள் பூக்கொத்து விடுவது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பத்து மரம். அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டை மருந்துச் சந்தையில் கலப்பது வெறும் பெயர்க் குழப்பத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நர்சரியில் "கொன்றை" என்று கேட்காமல் "சரக்கொன்றை, காசியா ஃபிஸ்டுலா" என்று கேளுங்கள். தாய் மரம் எங்கே இருக்கிறது, விதை எப்போது எடுத்தது என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். இளங்கன்றில் சிற்றிலை எண்ணிக்கை குறைவாக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், சிற்றிலையின் அகலத்தையும் பாருங்கள்.

எனக்கோ வேறு தாவரவியலாளருக்கோ படம் அனுப்பினால் முழு மரம், ஒரு முழுக் கூட்டிலை, பூங்கொத்து கிளையில் நிற்கும் விதம், பூவின் உள்பக்கம், காய், இவ்வளவும் வேண்டும். கூட்டிலை முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், பலர் ஒரு சிற்றிலையைக் கிள்ளி அதையே இலை என்று அனுப்புகிறார்கள். மாதம், ஊர் இரண்டையும் எழுதுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பூவும் இலையுமாக ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனம் வைத்து, தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலோ, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ காட்டலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகமும் உண்டு.

இன்னும் எளிய வழி, கன்றை நீங்களே வளர்ப்பது. சித்திரையில் சரம் சரமாகத் தொங்கிய மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, காய் நன்றாகக் கருத்ததும் எடுங்கள். சதையைக் கழுவி விதையைப் பிரித்து, ஓட்டின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஓடு கடினமானது, தேய்க்காமல் போட்டால் எளிதில் முளைக்காது. ஊறி உப்பிய விதையை மட்டும் பைக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பையின் மேல் தாய் மரம் நிற்கும் ஊரையும் தேதியையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.