சகுனம் என்ற சொல்லுக்குள் இருக்கும் பறவை

பூனை குறுக்கே போய்விட்டது, சகுனம் சரியில்லை என்று வாசலிலிருந்து திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சொல்லின் பிறப்பை வைத்துப் பார்த்தால் அந்தப் பூனை ஒரு பறவை. 'சகுனம்' என்பதற்கு மூலமான வடசொல்லின் பொருள் பறவை என்பதுதான். பறவை எந்தப் பக்கம் பறந்தது, எப்படிக் குரல் கொடுத்தது என்று பார்த்து வருவதை அறிய முயன்ற வழக்கத்தால், அது காட்டும் குறிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

தமிழில் 'புள்' என்ற சொல்லும் இதே வழியில்தான் நடந்தது. பறவைக்கும் நிமித்தத்திற்கும் அந்த ஒரு சொல்லே வழங்கியது. பறவை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'ஓர்னிஸ்' நிமித்தத்தையும் குறித்தது. இலத்தீனில் நிமித்தம் பார்ப்பதைச் சொல்லும் 'அவுஸ்பிகியும்' என்பதைப் பிரித்தால் 'பறவை பார்த்தல்' என்றே வரும். சகுனம், புள், ஓர்னிஸ் ஆகியவை ஒரே வேரில் கிளைத்த சொற்கள் அல்ல. வழக்கம் ஒன்றுபோல் இருந்ததால் பொருளும் ஒன்றுபோல் நகர்ந்திருக்கிறது.

இப்படி நகர்ந்த பொருள் பிறகு அகன்றது. எள்ளின் நெய்யைக் குறித்த 'எண்ணெய்' இன்று தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகி, மண்ணெண்ணெய் வரை வந்துவிடவில்லையா? அதுபோலவே நிமித்தத்தைக் குறித்த சொல்லிலிருந்து பறவை மெல்ல விலகியது. கி.மு. 414இல் அரங்கேறிய 'பறவைகள்' என்ற நாடகத்தில் கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் இதை வைத்தே கேலி செய்திருக்கிறார்: மனிதர்கள் தும்மலையும் பறவை என்கிறார்கள், கழுதையையும் பறவை என்கிறார்கள் என்று அங்கே பறவைகள் சொல்லிக்காட்டுகின்றன.

இந்த விரிவு தமிழில் எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டால், 'வாய்ப்புள்' என்ற சொல்லைத்தான் காட்டுவேன். தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சை நிமித்தமாகக் கொள்வதற்குப் பழந்தமிழில் விரிச்சி என்று பெயர். குறுந்தொகையின் 218ஆம் பாடலில் தலைவி 'புள்ளும் ஓராம் விரிச்சியும் நில்லாம்' என்று இரண்டையும் தனித்தனியே வைக்கிறாள். முல்லைப்பாட்டிலோ இரண்டும் ஒன்றாகின்றன: வாயிலிருந்து வரும் சொல்லே ஒரு புள்ளாகிவிடுகிறது.

மழை பெய்த மாலை. போருக்குப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை. முதிய பெண்கள் ஊரின் புறத்தே சென்று, நெல்லும் முல்லைப் பூவும் தூவி, கைதொழுது, விரிச்சிக்காகக் காத்து நிற்கிறார்கள். சிறு கயிற்றில் கட்டியிருந்த இளங்கன்று தாயைக் காணாமல் தவிப்பதைப் பார்த்த ஓர் ஆய்மகள், குளிரில் நடுங்கும் தோள்களைக் கைகளால் கட்டிக்கொண்டு, 'இன்னே வருகுவர் தாயர்' என்று அதற்குச் சொல்கிறாள். அவள் சொன்னது மாடுகளை. முதுபெண்டிர் கேட்டதோ தலைவனின் வரவை.

இந்த மாற்றத்திற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. கன்றின் மீதுள்ள பரிவால் அவள் பசுக்களைத் 'தாயர்' என்று உயர்திணையாக்கியதால் வினையும் 'வருகுவர்' என்று வந்தது. அதே வினை, படையோடு வரும் தலைவனுக்கும் அப்படியே பொருந்தும். அஃறிணைக்குரிய வினையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு எளிதாகப் பொருந்தியிருக்காது. மீதி வேலையைக் கேட்பவரின் மனம் செய்துகொள்கிறது: ஒரு கேள்வியைச் சுமந்து நிற்கும் காது, ஊர்ப்பேச்சில் அந்தக் கேள்விக்கு இசைவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

நல்லோர் வாய்ப்புள் நல்லதாகவே இருக்கிறது, தலைவன் வருவது உறுதி என்று முதுபெண்டிர் தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். அவளோ 'காட்டவும் காட்டவும் காணாள்'. பூப்போன்ற கண்களிலிருந்து நீர் முத்துமுத்தாக உதிர அழுதுகொண்டே இருக்கிறாள்.