நீங்கள் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது

சத்தம் அடைத்து நான்கைந்து மாதம் கழித்து வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே மருந்துச் சீட்டுகள். விரித்து வைத்துப் பார்த்தால் ஆன்டிபயாடிக் மூன்று விதம், இருமல் சிரப் இரண்டு, வெறும் வயிற்றில் போடச் சொன்ன கேஸ் மாத்திரை, ரத்தப் பரிசோதனை முடிவுகள். தொண்டைக்குள் குரலை எழுப்பும் குரல்நாணைப் பார்த்ததாக ஒரு சீட்டிலும் ஒரு வரி இருக்காது. இந்த மாதமும் அப்படி ஒரு கவர் வந்தது. கடல் தொழில், பல வருடப் பீடி, ஒரு குரல்நாணில் வெள்ளையாகத் தடித்த புண். "தடுமம் பிடிச்சதுன்னு நெனச்சேன் டாக்டரே" என்கிறார். தடுமம், அதாவது சளி, ஐந்து மாதம் நிற்காது.

சாதாரண வைரஸ் தொற்றில் அடைத்த சத்தம் ஒன்று, இரண்டு வாரத்தில் தானாகத் திறந்துவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. 4 வாரம் தாண்டியும் திறக்கவில்லை என்றால் ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) வைத்துக் குரல்நாணைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டு கூடாது. கரகரப்பை மட்டும் வைத்துக் கேஸ் மாத்திரையும் எழுதக் கூடாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2018-இல் புதுப்பித்த வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பேன். மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் 1854-இலேயே ஒரு சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாணைத் தானே பார்த்தார். இன்று அதைப் பார்க்காமல் ஐந்து மாதம் மருந்து கொடுக்க ஒரு காரணமும் கிடையாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொன்று. சுக்குக்காப்பி, கருப்பட்டி, மிளகு, தேன், அதிமதுரம், மிட்டாய் மாதிரிச் சப்பும் மாத்திரை, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. இதில் ஏதாவது ஒன்று குரல்நாணில் போய்ப் படிந்து அதை ஆற்றும் என்று வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். தொண்டையில் இரண்டு வழி உண்டு. பின்னால் இருப்பது உணவுக்குழாய். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், அதன் வாசலில்தான் குரல்நாண். நீங்கள் ஒரு மடக்கு விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுகிறது, அதன் மூடி சாய்கிறது, அதற்குக் கீழே பொய்க்குரல்நாண், அதற்கும் கீழே உண்மைக் குரல்நாண் எல்லாம் இறுக மூடிக்கொள்கின்றன. அந்த நேரம் மூச்சே நிற்கும். இத்தனை பூட்டும் போடுவது எதற்காக? ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் இருக்கத்தான். தப்பி ஒரு சொட்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். புரையேறும், கண்ணில் தண்ணீர் வரும், பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டி "யாரோ நெனைக்கியாங்க" என்பார். தேன் குரல்நாணைத் தொட்டிருந்தால் உங்களுக்குப் புரையேறியிருக்கும். ஏறவில்லை என்றால் தொடவில்லை. கொப்பளிக்கும் தண்ணீரும் அப்படித்தான், மேல்தொண்டையோடு நின்றுவிடும். சுக்குக்காப்பி குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சூடு மேல்தொண்டைக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெளியிலிருந்து போய்க் குரல்நாணை நேராகத் தொடுவது மூச்சோடு போவது மட்டும்தான். பீடிப் புகை தொடும். அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டின் புகை எல்லாம் தொடும். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டும் வழியில் படியும், அதனாலேயே சிலருக்குச் சத்தம் கம்மும். இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், முடிந்தால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து இழுங்கள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வெறும் ஆவியும் தொடும். வெந்நீர் ஆவி 5 நிமிடம் பிடித்தால் போதும், தைலமோ மாத்திரையோ போட வேண்டாம். குடிக்கும் தண்ணீர் ரத்தம் வழியாகச் சுற்றித்தான் குரல்நாணுக்கு ஈரம் கொடுக்கும். அதனால் மேடை ஏறும்போது ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வர வேண்டும்.

நாண் என்று நாம் சொன்னாலும் அது கம்பி இல்லை, மடிப்பு. பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். உள்ளே தசை, மேலே கூழ் போன்ற மெல்லிய உறை. அந்த உறை அலையாக அசைந்தால்தான் குரல் என்பதை ஜப்பானின் மினோரு ஹிரானோ 1970-களில் விளக்கிய பிறகுதான் குரல் அறுவை சிகிச்சையே மாறியது. பெண் குரலில் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை இரண்டு மடிப்பும் மோதுகின்றன. வகுப்பில் ஒரு டீச்சரின் குரல் மொத்தமாக ஒரு மணி நேரம் ஒலித்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் மோதல். கத்தினால் மோதும் வேகமும் கூடும். மடிப்பின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராகக் காய்ப்பு விழும். டீச்சர்கள், வில்லுப்பாட்டுக் கலைஞர்கள், பாடகர் குழுவில் பாடுபவர்கள், மீன் ஏலம் கூறுகிறவர்கள், நாள் முழுக்கக் கூச்சல் போடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது வரும். பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. குரல் பயிற்சியாளரிடம் சில வாரம் ஒழுங்காகப் போனால் கரையும். இரண்டே முறை போய்விட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

சத்தம் அடைத்தால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்காதீர்கள். கிசுகிசுக்கும்போது நிறையப் பேருக்குக் குரல்நாணுக்கு மேலே உள்ள தசைகள் இன்னும் இறுகுகின்றன. மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில் சொந்தக் குரலில் பேசுங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் அறுந்து போனால் கதை வேறு. உறைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றே வாயை மூட வேண்டும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளைத் தானாகப் போடக் கூடாது. ஏற்கனவே இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் கூடாது. தொண்டையைக் கனைப்பதும் ஒரு மோதல்தான். கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து அழுத்தி விழுங்குங்கள். வகுப்பில் இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரகரப்பு இல்லாமல் குரல் காற்றாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, இருமினால் வெட்டு இல்லாமல் இழுவையாக வருகிறது என்றால் ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றிருக்கலாம். மூச்சை நன்றாக இழுத்து "ஆ" என்று நீட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 10 விநாடி தாண்டவில்லை என்றால் காட்டுங்கள். குரல்நாணை அசைக்கும் இடது பக்க நரம்பு கழுத்தோடு நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றி மேலே திரும்புகிறது. அதனால் நுரையீரல் கட்டியோ காசநோய்க் கழலையோ முதலில் குரலில்தான் தெரியலாம். தொண்டைக்காக வந்தவரை நெஞ்சு சி.டி. எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

குரல்நாணில் வரும் புற்றுநோய், புற்றுநோய்களில் சீக்கிரம் பிடிபடக்கூடியது. கடுகளவு தடித்தாலே குரல் மாறிவிடும், அங்கே நிணநீர் ஓடும் நாளங்கள் குறைவு என்பதால் பரவவும் நாளாகும். முதல் நிலையில் கதிர்வீச்சிலோ லேசரிலோ 10 பேரில் 9 பேர் போலக் குணமாகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது. முற்றிப்போனால் குரல்வளையையே எடுத்துக் கழுத்தில் துளை போட வேண்டி வரும். ஐந்து மாதக் கவரைப் பார்த்தால் எனக்கு ஏன் மனசு கொதிக்கிறது என்று புரிந்திருக்கும். காது நன்றாக இருந்தும் காதுவலி, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம் ஏதாவது சேர்ந்திருந்தால் வாரக்கணக்கெல்லாம் வேண்டாம், உடனே வாருங்கள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்கோப்புக்குப் பயப்பட வேண்டாம். மரப்பு ஸ்பிரே அடித்து, நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு "ஈ" சொல்லச் சொல்வோம். இல்லையென்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய். ஒன்றிரண்டு நிமிடம்தான். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, திருவனந்தபுரம் வரை ஓட வேண்டியதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். மரப்பு விடும் வரை, ஒரு மணி நேரம் போல, தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய உங்கள் வாட்ஸ்அப் குரல் செய்தி ஒன்று போனில் இருந்தால் எடுத்து வையுங்கள். பழைய குரல் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.