‘சாஸி’ போஸ்ட்கார்டு: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் விற்ற பழைய நகைச்சுவை அஞ்சலட்டைகளுக்கு ‘சாஸி போஸ்ட்கார்டு’ என்று பெயர். பிளாக்பூல், ஸ்கெக்னஸ் என்று விடுமுறைக்குப் போனவர்கள் கடை வாசலில் ஒன்றை வாங்கிச் சிரித்துவிட்டு ஊருக்கு அனுப்புவார்கள். பருத்த மனைவி, நோஞ்சான் கணவன், விழி பிதுங்கும் பாதிரியார், புது மணத்தம்பதி என்று வருகிற ஆட்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

‘சாஸி’ என்ற சொல்லின் வேர் ‘சால்’. லத்தீனில் உப்பு. உப்பிட்டது ‘சல்சா’, அதுவே பிரெஞ்சு வழியாக ‘சாஸ்’ ஆனது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘சாஸி’ என்றால் சாஸ் போன்றது. சீக்கிரமே வாய்த்துடுக்கு என்றும் ஆனது. பாலியல் வாடை பிற்பாடு ஏறியது. லத்தீனிலேயே ‘சால்’ நகைச்சுவையையும் குறிக்கும். நாமும் ‘உப்புச்சப்பில்லாத பேச்சு’ என்கிறோமே.

இந்த அட்டைகளின் மன்னர் டொனால்டு மெக்கில் (1875–1962). 1904இல் தொடங்கி, சுமார் 12,000 அட்டைகள் வரைந்ததாகக் கணக்கு. அதிகம் விற்றதாகச் சொல்லப்படும் அட்டையில் புத்தகமும் கையுமாக ஓர் இளைஞன், பக்கத்தில் ஒரு பெண். “கிப்லிங் பிடிக்குமா?” என்கிறான். அவளோ, “தெரியாதே, போக்கிரி! நான் கிப்பிள் பண்ணியதே இல்லையே” என்கிறாள். கிப்லிங் ஓர் ஆங்கில எழுத்தாளர். அந்தப் பெயரின் ‘இங்’ வாலைப் பார்த்து, ‘வாக்கிங்’, ‘டான்ஸிங்’ போல அதுவும் ஏதோ செய்கிற காரியம் என்று நினைத்துவிட்டாள். என்ன காரியம்? அட்டை சொல்லாது. அஞ்சலட்டை உறையில்லாமல் போவது, தபால்காரரே படிக்கலாம். வரைந்தவர் கை சுத்தமாக இருக்க வேண்டும், விவகாரம் படிப்பவர் மனதில் இருக்க வேண்டும்.

அப்படியும் தப்பவில்லை. 1954இல் லிங்கன் நகரில் வழக்குப் போட்டார்கள், 1857ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின்படி. மெக்கிலுக்கு 50 பவுண்டு அபராதம், 25 பவுண்டு வழக்குச் செலவு. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது!

சரி, தமிழில்? ‘ஆபாச அஞ்சலட்டை’ என்றால் லிங்கன் தீர்ப்பை நாமும் வழிமொழிந்தவர்களாவோம். ‘விரசம்’ முகம் சுளிக்கிற சொல். ‘கிளுகிளுப்பு’ கிப்லிங் பெண்ணுக்குப் பொருந்தாது. அங்கே சிரிப்புதான் பெரிது. ‘சில்மிஷம்’ கைவேலை, இது வாய்வேலை. என் ஓட்டு ‘குறும்பு அஞ்சலட்டை’க்கு.

இந்த அட்டைகளின் நகைச்சுவை உத்திக்குப் பெயர் சிலேடை, இரட்டுற மொழிதல் என்று சிலர் எழுதுவார்கள். முழுக்கப் பொருந்தாது. காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பாடினால் இரண்டு பொருளும் கடைசிவரை கணக்காக நிற்கும். மெக்கிலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்கு நாம் டீக்கடையில் சொல்கிற ‘டபுள் மீனிங்’தான் சரி. எழுத்தில் வேண்டுமானால் ‘இரட்டை அர்த்தம்’.