"புரிந்ததா?" என்று கேட்டால் போதாது

பாடம் முடியும் நேரத்தில் "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் "புரிந்தது சார்" என்று சொல்லிவிடும். புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரிவதில்லை. தெரிந்தாலும் அத்தனை பேர் நடுவில் சொல்லக் கூச்சப்படும். கை தூக்குபவரிடம் மட்டும் விடை கேட்பதிலும் இதே குறை உண்டு. ஆகவே காரைக்குடி வட்டாரத்தில் கணக்கு நடத்தும் நான், எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விடை காட்டும் கேள்விகளையே நம்புகிறேன்.

ஆறாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது, "6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள அறைக்கு, ஓர் அடிச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும்?" என்று கேட்பேன். விடையைச் சிலேட்டில் எழுதி நெஞ்சோடு கவிழ்த்து வைத்திருந்து, நான் சொன்னதும் அனைவரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதுவது இதனால் பெரிதும் குறையும். 24 என்றால் சரி. 20 என்று எழுதிய பிள்ளை சுற்றளவைக் கண்டிருக்கிறது. 10 என்று எழுதியது நீளத்தையும் அகலத்தையும் வெறுமனே கூட்டியிருக்கிறது. தவறான விடை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் குழப்பம் என்று காட்டும்படி எண்களைத் தேர்ந்துகொள்வதுதான் இதில் ஆசிரியரின் உண்மையான உழைப்பு. நீளம், அகலம் இரண்டையும் 4 என்று வைத்தால் பரப்பளவும் சுற்றளவும் 16 என்றே வந்து, அந்தக் கேள்வி எதையும் காட்டாமல் போய்விடும்.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருப்பதையும், அதை 3 விநாடியாக்கினால் பிள்ளைகளின் விடைகள் நீள்வதையும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எடுத்துக்காட்டினார்.

ஆங்கில வழிப் பிரிவில், மனப்பாடமாக வரையறை ஒப்பிக்கும் பிள்ளையிடம் அதையே வீட்டில் அப்பத்தாவுக்குச் சொல்வதுபோல் தமிழில் சொல்லச் சொன்னால், புரிதலின் அளவு உடனே தெரிந்துவிடும்.

இவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாடம் நடக்கும்போதே புரிதலை அறியும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்று பதிவேட்டில் ஏறும்போது, பிள்ளைகள் தவற்றை மறைக்கத்தான் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியதோ மறைக்கப்படாத தவறு.

வகுப்பின் கடைசி 3 நிமிடத்தில், துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்குப் போட்டுத் தரச் சொல்லி, தாள்களைச் சரியாகப் போட்டவை, பாதியில் தடுமாறியவை, தொடவே இயலாதவை என மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டாம் கட்டு பெரிதாக இருந்தால், மறுநாள் புதுப்பாடத்துக்குப் போகாமல், வராந்தாத் தரையில் சுண்ணக்கட்டியால் 6-க்கு 4 கட்டம் வரையச் செய்து, உள்ளே இருக்கும் கட்டங்களையும் சுற்றி ஓடும் ஓரக்கோட்டின் நீளத்தையும் தனித்தனியே எண்ண வைப்பேன்.