காதோரம் பாடும் கொரியக் குரல்கள்

இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போனில் மெல்லிய கொரிய 'சோல்' (soul, உருக்கமாகப் பாடும் இசை வகை) டூயட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வார்த்தை ஒன்றும் புரியாது. ஆனால் பாடுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதில் பாதி மைக்கின் வேலை. முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்தால், குரலின் கீழ் அதிர்வுகளை அது கூட்டிக் காட்டும். முணுமுணுத்தாலே போதும், குரல் கனக்கும். மூச்சு இழுப்பதும் உதடு பிரிவதும்கூடப் பதிவாகும். நேரில் ஒருவர் காதோடு பேசினால்தான் இதெல்லாம் கேட்கும். மூளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

சரி, இரண்டாவது குரல்? ஒருவர் 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வில், சுரத்தை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 245-இல் சேர்ந்தால் ஒலி நொடிக்கு 25 தடவை ஏறி இறங்கும். காதுக்கு அது கரகரப்பு. அவரே 275-க்கு ஏறினால் விகிதம் 4:5, 367 வாக்கில் நின்றால் 3:5. கரகரப்பு அடங்கி, குரல்கள் ஒன்றோடொன்று இழையும். டூயட்டில் துணைக்குரல் அடிக்கடி தேடிப்போகும் இடங்கள் இவைதான். ஆணும் பெண்ணும்தான் பாட வேண்டும் என்றில்லை. கொரியாவில் 2001-இல் அறிமுகமான பிரவுன் ஐஸ் ஜோடியில் இருவருமே ஆண்கள்.

ஆனால் எல்லாம் இழைந்தே போனால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். அதற்குத்தான் பின்னணியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில், அதாவது கார்டில் (chord), ச-க-ப-வோடு ஒரு நி-யும் சேர்க்கிறார்கள். அந்த நி கீழ் ச-வை ஒட்டி நின்றால் உரசும். மேலே தள்ளி வைத்தால் லேசான ஏக்கமாக மட்டும் மிஞ்சும். என்னைக் கேட்டால் இந்தப் பாட்டுகளின் உயிர் அந்த நி-தான்.

அந்தக் கார்டைப் பெரும்பாலும் ரோட்ஸ் போன்ற எலக்ட்ரிக் பியானோவில் வாசிப்பார்கள். உள்ளே சின்னச் சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்ட, காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்கும். மெதுவாகத் தட்டினால் மணி போல உருண்டு வரும், ஓங்கி அடித்தால் உறுமும். (இதன் தந்தை ஹெரால்ட் ரோட்ஸ், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட வீரர்கள் படுக்கையிலேயே வாசிக்க, விமான அலுமினியக் குழாய்களில் குட்டிப் பியானோ செய்து கொடுத்தவர்.)

அப்புறம், மொழி. நாம் 'கப்' என்பதைக் 'கப்பு' என்று உகரம் சேர்த்து முடிப்போம். கொரியரோ சோற்றைக் குறிக்கும் 'பாப்' என்ற சொல்லை உதடு மூடியதோடு விட்டுவிடுவார்கள். காற்று வெடித்து வெளியே வராது. இப்படி ஒரு சொல்லில் வரி முடிந்தால் மைக்கில் 'டப்' என்ற சத்தமே இருக்காது. உயிரெழுத்து நீண்டு, உதடு மூடி, பியானோக் கம்பியின் நடுக்கம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்.