ஸ்க்ராம்: அணு உலையின் உடனடி நிறுத்தம்

வயதான ஆராய்ச்சி அணு உலையைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரமே வந்துவிடும் சொல் ‘ஸ்க்ராம்’. உலைக்குள் நியூட்ரான் ஓர் அணுவைப் பிளக்க, அதிலிருந்து வரும் நியூட்ரான்கள் மேலும் அணுக்களைப் பிளந்துகொண்டே போவது தொடர்வினை. நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் அனைத்தும் ஓரிரு நொடிக்குள் உலைக்குள் விழுந்து, அந்தத் தொடர்வினை நின்றுபோவதுதான் ஸ்க்ராம்.

சொல் பிறந்த கதை சுவையானது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் முதல் அணு உலை இயங்கியபோது, ஏதாவது ஏடாகூடமானால் கயிற்றை வெட்டித் தண்டை விழவைக்க நார்மன் ஹில்பெரி கோடரியோடு நின்றார். அந்தக் ‘கோடரிக்காரர்’ பதவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஸ்க்ராம் என்பார்கள். அது பின்னாளில் ஒட்டவைத்த விரிவு. ஆங்கிலப் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ‘இடத்தைக் காலி பண்ணு’ என்று பொருள் இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஓட்டம் பிடிக்க வேண்டியதுதான் என்று பதில் வந்ததாக அந்தக் குழுவினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

பல உலைகளில் தண்டுகளை மின்காந்தம் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பழைய உலையில் ஆபத்தே இல்லாமலும் இது நடக்கும். தேய்ந்த ரிலே (மின்சுற்றைத் திறந்து மூடும் கருவி), ஈரம் புகுந்த கேபிள், கணநேர மின்தடுமாற்றம், எதுவும் போதும். அப்புறம் மறுபடி கிளப்புவதுதான் பெரும்பாடு. நின்ற உலையில் அயோடின்-135 சிதைந்து, நியூட்ரான்களை விழுங்கும் செனான்-135 சேர்ந்துவிடும். திறன் மிக்க உலையானால் அது வடிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். உள்ளே மருத்துவத்துக்கான மாலிப்டினம்-99 தயாராகிக்கொண்டிருந்தால் அந்தத் தாமதம் வலிக்கும். அதன் அரைவாழ்வே, அதாவது பாதி சிதைந்துபோகும் காலமே, 66 மணி நேரம்தான். நவீனப்படுத்தும்போது அளவீட்டுக் கருவிகளில் கைவைப்பது இதனால்தான். மூன்று உணரிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் தண்டு விழும்படி அமைத்தால், ஒற்றை உணரியின் பொய்க்கூச்சலுக்கு உலை நிற்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அவசர நிறுத்தம்’ என்கிறார்கள். ரிலே கெட்டு நின்றதில் என்ன அவசரம்? சோதனைக்காக வேண்டுமென்றே ஸ்க்ராம் செய்வதும் உண்டே. ‘உலை அணைப்பு’ இன்னும் மோசம் (கட்டிப்பிடிப்பதுபோல ஒலிப்பது வேறு). தொடர்வினை நின்ற கணத்திலும், அணுப்பிளவில் உண்டான பொருள்கள் சிதைவதால் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். பெரிய உலைகளில் குளிர்விப்பைத் தொடர வேண்டும். ‘உடனடி நிறுத்தம்’ பொருத்தமாகப் படுகிறது. தண்டு தானாக விழுந்தால் ‘தானியங்கி உடனடி நிறுத்தம்’, இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் ‘கைவழி உடனடி நிறுத்தம்’.