சேயான்ஸ்: ஆவியோடு உட்காரும் சொல்

என் அக்கா மகன் கடலூரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வெப் சீரிஸ் எடுத்தான். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகைப் பேய்க்கதை. தேவனாம்பட்டினம் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் ஐந்து பேர் ராத்திரியில் ஆவியைக் கூப்பிடுகிறார்கள். ஐந்து பேரும் காணாமல் போகிறார்கள். அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் பிறகு யார் கையிலோ கிடைக்கிறது. வசனத்தில் பாதி ஆங்கிலம், அதனால் தமிழ் சப்டைட்டில் போட என்னைப் பிடித்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரு சொல் மாட்டினால் லேசில் விடமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். முதல் எபிசோடிலேயே மாட்டியது. “இன்னைக்கு நைட் ஒரு சேயான்ஸ் வைக்கலாமா?” என்கிறான் ஒருத்தன். அவன் சொன்ன விதத்தில் என் காதில் ‘சான்ஸ்’ என்றுதான் விழுந்தது.

இறந்தவர்களின் ஆவியோடு பேசுவதற்காகச் சிலர் மேசையைச் சுற்றிக் கூடி உட்காருவது சேயான்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு இந்தப் பொருள்தான். ஆனால் சொல் பிரெஞ்சு, அங்கே தனியாக நின்றால் அதற்குப் பேய்வாடை கிடையாது. லத்தீனில் ‘செதேரே’ என்றால் உட்காருதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ‘செயான்ஸ்’ ஆனது. ஆங்கில ‘செஷன்’ இதற்குப் பங்காளி. சபை கூடினால் செயான்ஸ். முட்டிவலிக்கு பிசியோதெரபி போனால் பத்து செயான்ஸ். சினிமா தியேட்டரில் ஒரு காட்சி, அதுவும் செயான்ஸ். பிரெஞ்சு ஆட்சிக்காலச் சபைக் குறிப்புகளைப் புரட்டினாலும் கூட்டத்துக்குக் கூட்டம் இந்தச் சொல்தான் நிற்கும். ஆவிக்காகக் கூடினாலும் செயான்ஸ்தான், ஆனால் அது பலவற்றில் ஒன்று.

பேய் எப்போது ஏறியது என்றால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1848-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் குடும்பத்துச் சகோதரிகள், சுவரிலும் தரையிலும் கேட்கும் தட்டல் ஒலி வழியாக ஆவி பதில் சொல்கிறது என்றார்கள். அது காட்டுத்தீயாகப் பரவியது. ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கைவைத்தார்கள், மேசை அசைந்தது. 1853-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சோதித்துப் பார்த்துவிட்டு, கை வைத்தவர்களே தம்மை அறியாமல் தள்ளுகிறார்கள் என்று சொன்னார். யார் கேட்டார்கள்? 1857-இல் பாரிசில் ஆலன் கார்தெக் ஆவிகளின் பதில்கள் என்று ஒரு நூலே வெளியிட்டார். இந்த அலையில்தான் ஆங்கிலம் செயான்ஸ் என்ற பெரிய சொல்லில் ஆவி உட்காரும் மூலையை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டது.

ஹாஸ்டல்களில் விளையாடும் ஓஜா போர்டும் இந்த அலையின் மிச்சம்தான். எழுத்துப் பலகைக்கு நடுவில் காசையோ தம்ளரையோ வைத்து ஆளுக்கொரு விரல் வைப்பார்களே, அது. அமெரிக்காவில் 1891-இல் காப்புரிமை வாங்கி விளையாட்டுச் சாமானாக விற்ற பொருள். பிரெஞ்சு ‘வுய்’, ஜெர்மன் ‘யா’ இரண்டும் ‘ஆமாம்’ என்பதால் அவை சேர்ந்து ‘வீஜா’ (நம் வாயில் ஓஜா) ஆனது என்று பலர் சொல்வார்கள். விற்றவர்கள் சொன்ன கதை வேறு: பலகையிடமே பெயர் கேட்டார்களாம், அதுவே சொன்னதாம். நல்ல வியாபாரிகள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஆவி’யில் சிக்கல் இல்லை. மூச்சு, உயிர், இட்லிப் பானையிலிருந்து எழும்புவது எல்லாமே ஆவி. லத்தீன் ‘ஸ்பிரித்துஸ்’ஸுக்கும் முதற்பொருள் மூச்சுதான். அதனால் பரிசுத்த ஆவியும் பழிவாங்கும் ஆவியும் நம்மிடம் ஒரே சொல்லில் வசதியாகக் குடியிருக்கின்றன. ஆவிக்கு வாயாக இருந்து பேசும் ஆளைக் குறிக்கும் ‘மீடியம்’தான் வம்பு பிடித்தது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதும் “நான் ஒரு ஊடகம்” என்று வந்தது. டிவி சேனல் பேசுவது போல இருந்தது, அழித்துவிட்டேன்.

சேயான்ஸுக்கு ‘வெறியாட்டு’ போடலாமே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். சங்க அகப்பாட்டுகளில், மகள் மெலிவதைக் கண்டு தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைப்பாள். அவன் களம் அமைத்து, ஆடறுத்து, முருகு ஏறி ஆடிக் காரணம் சொல்வான். தோழிக்கு உண்மைக் காரணம் தெரியும், காதல். (சங்கப் பாட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கிண்டலாகவே பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.) அழகான சொல், ஆனால் பொருந்தாது. வேலன்மேல் வருவது தெய்வம், செத்துப்போன தாத்தா இல்லை. குறி கேட்பதும், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பதும் சேயான்ஸ் ஆகா. களவு போன நகையும் ஓடிப்போன மாடும்தான் அங்கே பெரும்பாலும் கேள்வி.

யோசிக்க யோசிக்க வேறு ஒன்று பிடிபட்டது. சேயான்ஸில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையைக் கோத்துக்கொண்டு, விளக்கைத் தணித்து, கேள்வியை முறையாகக் கேட்டு, ஏதோ கமிட்டிக் கூட்டம் மாதிரி. நம் ஊரில் யார்மேல் வந்தாலும் முதலில் அவர் எழுந்துவிடுவார். மேல்மலையனூர் அமாவாசை இரவில் போய் நின்று பாருங்கள். பம்பை அடி விழுந்ததும் கூந்தல் அவிழும், ஆள் சுழலும். சாமி ஆடுகிறது, பேய் ஆடுகிறது, மருளாளி ஆடுகிறார். வினைச்சொல் ஒன்றுதான். தியேட்டருக்குப் போனாலும் இதே கதை. பிரெஞ்சுக்காரனுக்குக் காட்சி என்றால் ‘செயான்ஸ்’, உட்காருவது. நமக்கு முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம். சினிமாவுக்கும் ஆவிக்கும் அவர்கள் ஒரு சொல் வைத்தார்கள். நாமும் ஒரு சொல்தான் வைத்திருக்கிறோம், உட்காருவதற்குப் பதில் ஆடுவது.

ஆக, மேசை போட்டு உட்காரும் வகைக்கு ‘ஆவி அமர்வு’ என்பதே நேரான சொல். நீதிமன்றத்தில் “இரு நீதிபதிகள் அமர்வு” என்று எழுதுகிறோமே, அந்த அமர்வுதான். இரங்கல் போஸ்டரில் வரும் ‘அமரர்’ வடமொழி, சாகாதவர் என்று பொருள். அமர்வோடு அதற்கு உறவில்லை. இருந்தாலும் காதில் இரண்டும் உரசுவது இந்த இடத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

புதுச்சேரிக்கு இந்த அமர்வு புதிதும் இல்லை. 1910 ஏப்ரலில் இங்கே வந்த அரவிந்தர், ஆரம்ப ஆண்டுகளில் தானாக எழுதும் எழுத்தைப் பரிசோதித்திருக்கிறார். பேனாவைக் கையில் பிடித்து, எழுதுவதைத் தானல்லாத ஒன்றிடம் விட்டுவிடும் முறை. ‘யோகிக் சாதன்’ என்ற சிறு நூல் அப்படி வந்ததுதான். அதைத் தன் நூலென்று அவர் ஏற்கவில்லை. சோதனைக்காகவும் வேடிக்கைக்காகவும் செய்தது என்றார். சில நேரம் வேறு ஏதோ குறுக்கிடுவதுபோல் தெரிந்தாலும், இப்படி வருவதில் பெரும்பகுதி ஆழ்மனம் போடும் நாடகமே என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “எங்க சீரிஸும் நாடகம்தானே மாமா” என்றான்.

‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்பதற்கும் ஒன்று கேட்டான். அதில் அதிக நேரம் செலவாகவில்லை. படச்சுருளை அடிக்கணக்கில் அளந்ததால் ஃபுட்டேஜ். 35 மி.மீ. சுருளில் ஒரு அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நம் சினிமாக்காரர்களும் படத்தின் நீளத்தை அடியில்தான் சொன்னார்கள். முதலில் இந்தப் பெயர், யாரோ எடுத்துப்போட்ட துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பரிசோதனைப் படங்களைக் குறித்தது. காணாமல் போனவர்களின் கேமரா கிடைத்தது என்று பாவனை செய்யும் பேய்ப்படத்தை ஊரறியச் செய்தது 1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’. ‘கண்டெடுத்த காட்சி’ என்று போட்டுக்கொள் என்றேன். செல்போனில் எடுப்பதில் அடி ஏது? பேய்க்குத்தான் கால் இல்லை என்பார்கள், இப்போது ஃபுட்டேஜுக்கும் இல்லை.

அப்படியே நான்கு எபிசோடுக்கு ‘ஆவி அமர்வு’ ஓடியது. ஐந்தாவதில் ஓஜா போர்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒரு பெண் திடீரென்று எழுந்து தலையை விரித்து ஆடத் தொடங்குகிறாள். பின்னாலிருந்து ஒருத்தன் “சேயான்ஸை நிறுத்துங்கடா!” என்று கத்துகிறான். அந்த இடத்தில் மட்டும் “ஆட்டத்தை நிறுத்துங்கடா!” என்று போட்டு அனுப்பினேன். ராத்திரியே போன் வந்தது.

“மாமா, இங்க மட்டும் ஏன் மாத்திட்டீங்க?”

“அவ எழுந்துட்டாளேடா.”